இளையரசனேந்தலில் எல்லாருக்கும் தெரிந்த ‘கிரீவன்ஸ்’: பிளஸ் 1, பிளஸ் 2-வில் ஆங்கிலச் சொல்வளத்தை வளர்ப்பது எப்படி?

‘கிரீவன்ஸ்’ என்பது ஆங்கில நாளிதழ்களின் தலையங்கத்தில் வரும் கனமான சொல். ஆனால் தென்மாவட்டங்களில் திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் ஆபீஸ் போகிற யாருக்கும் இதற்கு அகராதி தேவையில்லை. மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊரில் வழங்கும் பெயரே அதுதான்.

இளையரசனேந்தல் பகுதிக்கு இந்தச் சொல் இன்னும் நெருக்கம். ஒரு காலத்தில் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இந்தப் பிர்கா, வருவாய்த் துறைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி தாலுகாவுக்கு மாற்றப்பட்டது. ஆனால் அங்குள்ள 12 ஊராட்சிகள் குருவிகுளம் ஒன்றியத்திலேயே தங்கிவிட்டன. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானபோது அந்த ஒன்றியம் தென்காசிக்குப் போனது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சி வேலைக்கு இன்னொரு மாவட்டம். ‘எங்களை கோவில்பட்டி ஒன்றியத்தோடு சேருங்க’ என்று மக்கள் திரும்பத் திரும்ப மனு கொடுத்து வந்தார்கள். ‘பெட்டிஷன்’, ‘பைஃபர்கேஷன்’, ‘ஜூரிஸ்டிக்‌ஷன்’ எல்லாம் இந்த மாதிரி விவகாரத்தில் தானாகவே காதில் விழும் சொற்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கு. தேவை இருந்து, திரும்பத் திரும்பக் காதில் விழுந்தால் எவ்வளவு கஷ்டமான ஆங்கிலச் சொல்லும் நமக்குப் பழகிவிடும். அப்படியானால் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்த மாணவர், கல்லூரி முதல் செமஸ்டரில் ஏன் தடுமாறுகிறார்?

ஏன் இது இப்போது முக்கியம்?

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இது விரிவானது. இளையரசனேந்தல் மாதிரியான ஊர்களில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது நிஜம். ஆனால் உள்ளே போனதும் பெரும்பாலும் எல்லாம் ஆங்கிலம். சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே தமிழ்வழியைத் தொடங்கினாலும், மற்ற படிப்புகளில் அந்த வசதி பரவலாக இல்லை.

அங்கே மாணவரைத் தடுக்கி விழ வைப்பது பெரும்பாலும் பாடத்தின் கலைச்சொற்கள் கிடையாது. ‘உந்தம்’ தெரிந்தவருக்கு ‘மொமென்டம்’ என்ற பெயரைப் பழக ரெண்டு நாள் போதும். ‘சவ்வூடு பரவல்’ புரிந்தவருக்கு ‘ஆஸ்மோசிஸ்’ பயமில்லை. அந்தச் சொற்களை ஆசிரியரும் நின்று விளக்குவார். சிக்கல் அவற்றுக்கு நடுவே வரும், யாரும் விளக்காத சொற்களில்தான் இருக்கு: ‘அஸ்யூம்’, ‘நெக்லிஜிபிள்’, ‘ரெஸ்பெக்டிவ்லி’, ‘ப்ரொவைடட் தட்’, ‘வேர்ஆஸ்’. இவை எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வகுப்பு ஓடிவிடும். கையைத் தூக்கிக் கேட்கவும் கூச்சம். விசை, ஆற்றல், சமன்பாடு எல்லாம் தெரிந்தும் ‘நமக்கு மண்டையில ஏறல’ என்று முடிவு கட்டிவிடுவது இந்த இடத்தில்தான்.

‘அட்வான்ஸ்டு’ சொல் என்றால் எது?

சசி தரூர் 2017 மே மாதம் ட்விட்டரில் ‘ஃபராகோ’ என்று எழுதியதும் நாடே அகராதியைத் திறந்தது நினைவிருக்கும். அப்போதிருந்து ‘தினம் ஒரு தரூர் சொல்’ வகை ரீல்ஸுக்குக் குறைவில்லை. ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் பிளஸ் 2 மாணவருக்கு அது முதல் வேலையாக இருக்கக் கூடாது.

அரிய சொற்களை மனப்பாடம் செய்ய வைத்ததற்குப் பெயர்போன அமெரிக்கத் தேர்வுகளே அந்தப் பாதையிலிருந்து விலகிவிட்டன. ஜி.ஆர்.இ. தேர்வு 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொல் கேள்விகளை நீக்கியது. எஸ்.ஏ.டி. தேர்வு 2016-ல் மாற்றி அமைக்கப்பட்டபோது, ஒரு சொல் அந்தப் பத்தியில் என்ன பொருள் தருகிறது என்று கேட்கத் தொடங்கியது.

ஆய்வாளர்கள் ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் ஆகியோர் சொற்களை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். முதல் அடுக்கு வீடு, சாப்பாடு, ஓடு மாதிரி அன்றாடச் சொற்கள். மூன்றாவது அடுக்கு ஒரு துறைக்கே உரிய கலைச்சொற்கள். நடுவில் இருப்பது எல்லாப் பாடத்திலும், செய்தித்தாளிலும், அலுவலக மெயிலிலும் வருகிற, ஆனால் அன்றாடப் பேச்சில் அதிகம் வராத சொற்கள். உழைப்பைப் போட வேண்டியது இந்த நடு அடுக்கில்.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய முன்னோடிகளில் ஒருவர் நம் துணைக்கண்டத்தில் வேலை பார்த்தவர். மைக்கேல் வெஸ்ட், அன்றைய வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். குறைந்த சொற்களில் எழுதிய வாசிப்புப் புத்தகங்களால் இந்திய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க முயன்றார். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 அடிப்படைச் சொற்கள் இருந்தன.

2000-ல் நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் அடுத்த படியை எடுத்து வைத்தார். பல துறைப் பாடநூல்களையும் கட்டுரைகளையும் அலசி, அடிப்படைச் சொற்களுக்கு அடுத்து எல்லாத் துறையிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். ‘அகாடமிக் வேர்டு லிஸ்ட்’ என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். ஒரு கல்லூரிப் பாடநூல் பக்கத்தில் கிட்டத்தட்ட 10 சதவீதச் சொற்கள் இந்தப் பட்டியலைச் சேர்ந்தவை. பத்துச் சொல்லுக்கு ஒரு சொல்!

‘சொற்குடும்பம்’ என்றால்? ‘அனலைஸ்’ ஒரு தலைச்சொல். ‘அனாலிசிஸ்’, ‘அனலிஸ்ட்’, ‘அனலிட்டிகல்’ அதன் பிள்ளைகள். ஒன்றைப் பிடித்தால் மற்றவை கூடவே வரும்.

பட்டியல் இத்தோடு முடியவில்லை. ஆங்கில நாவலையோ நாளிதழையோ யார் துணையும் இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். அது பல வருட வாசிப்பில் சேர்வது. பள்ளி முடிவதற்குள் அந்த 2,000-த்தையும் இந்த 570-ஐயும் கைவசப்படுத்தினால் முதல் செமஸ்டருக்கு அடித்தளம் பலமாக இருக்கும்.

பாதிச் சொல் ஏற்கெனவே நம்ம வாயில்!

570 என்றதும் மலைக்க வேண்டாம். பட்டியலின் முதல் பகுதியில் 60 சொற்கள் உண்டு. அதில் இவற்றைப் பாருங்க: ஏரியா, டேட்டா, இன்கம், பாலிசி, பீரியட், பர்சென்ட், ஃபார்முலா, ஃபைனான்ஸ், எக்ஸ்போர்ட், கான்ட்ராக்ட், லேபர், லீகல், மேஜர், ரோல், இஷ்யூ, மெத்தட், தியரி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் இதில் பாதி காதில் விழும். இன்கம் சர்ட்டிஃபிகேட் வாங்க அலையாத மாணவர் குடும்பம் உண்டா?

ஆனால் ஒரு கண்ணி இருக்கு. நம்ம பேச்சில் இந்தச் சொற்களுக்குப் பொருள் சுருங்கிவிட்டது. ‘பாலிசி’ என்றால் எல்.ஐ.சி., ‘பீரியட்’ என்றால் வகுப்பு நேரம், ‘மேஜர்’ என்றால் 18 வயது ஆனவர், ‘இஷ்யூ’ என்றால் தகராறு. பாடநூலில் பாலிசி ‘கொள்கை’ ஆகிறது. பீரியட் ஒரு காலகட்டமாகவும், தனிம வரிசை அட்டவணையில் ஒரு கிடைவரிசையாகவும் வருகிறது. மேஜர் ‘முக்கியமான’ ஆகிறது. இஷ்யூ ‘வெளியிடு’ என்ற வினையாகவும் நிற்கிறது. நம்மூர் ‘டென்ஷன்’ இயற்பியலில் கயிற்றின் இழுவிசை.

அதனால் முதல் வாரம் புதுச் சொல் எதுவும் படிக்க வேண்டாம். தெரிந்த சொற்களின் தெரியாத பொருளைப் பிடிங்க. செலவில்லாத லாபம் இதுதான்.

கையிலேயே இருக்கும் இருமொழிப் புதையல்

பிளஸ் 2 ஆங்கிலத் தேர்வில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. அதில் முதல் 20 ஒரு மதிப்பெண் கேள்விகளில் ஒத்த பொருள், எதிர்ச்சொல், முன்னொட்டு, பின்னொட்டு, மரபுத்தொடர் என்று சொல்லறிவுதான் முக்கியமாகச் சோதிக்கப்படுகிறது. கைடில் இருக்கும் ஜோடிகளை உருப்போட்டால் மார்க் வந்துவிடும், ஆனால் தேர்வு முடிந்த மறு வாரமே சொல் போய்விடும். வேறு வாக்கியத்தில் அந்தச் சொல்லைப் பார்க்காததுதான் காரணம்.

அந்த வேறு வாக்கியங்களுக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். மூன்று இடங்கள் போதும்.

*பாடநூல்:* தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டும் பி.டி.எஃப். வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடம், ஒரே படம், ஒரே வரிசை. தமிழில் நன்றாகப் புரிந்துகொண்ட உயிரியல் பாடத்தின் ஒரு பக்கத்தை ஆங்கிலப் பதிப்பிலும் படிங்க. பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழியில் மட்டும் கவனம் வைக்கலாம். தமிழ்வழி மாணவருக்குக் கிடைக்கும் தனிச் சலுகை இது.

*பழைய வினாத்தாள்:* பொதுத்தேர்வின் இயற்பியல், வேதியியல் மாதிரியான வினாத்தாள்களில் ஒவ்வொரு கேள்வியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. ‘வரையறு’ பக்கத்தில் ‘டிஃபைன்’, ‘வேறுபடுத்துக’ பக்கத்தில் ‘டிஸ்டிங்விஷ்’, ‘தருவி’ பக்கத்தில் ‘டிரைவ்’. கல்லூரித் தேர்வில் வரப்போகும் கட்டளைச் சொற்கள் எல்லாம் இங்கேயே இருக்கு. தமிழ்க் கேள்வியைக் கையால் மறைத்துவிட்டு ஆங்கிலத்தில் என்ன கேட்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்க.

*தமிழ்ப் பாடநூல்:* ஆம், தமிழ்ப் புத்தகம்தான். பாட இறுதியில் ‘கலைச்சொல் அறிவோம்’ என்று ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ் தருகிறார்கள். பலர் தாண்டிப் போகும் பகுதி அது. கூடுதலாக வேண்டுமென்றால் தமிழக அரசின் சொற்குவை தளமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் அகராதிகளும் மொபைலிலேயே திறக்கும்.

பகுபத உறுப்பிலக்கணம் இங்கேயும் உதவும்

‘படித்தான்’ என்பதை படி + த் + த் + ஆன் என்று பிரித்து, பகுதி, சந்தி, இடைநிலை, விகுதி எழுதாத மாணவர் தமிழ்நாட்டில் கிடையாது. நன்னூல் கொடுத்த கத்தி அது. அதை ஆங்கிலச் சொல்மீது வைத்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

‘அன்ப்ரெடிக்டபிள்’ என்ற நீளமான சொல்லை எடுங்க. அன் + ப்ரி + டிக்ட் + அபிள். ‘டிக்ட்’ லத்தீனிலிருந்து வந்த பகுதி, பொருள் ‘சொல்’. ‘ப்ரி’ என்றால் முன். ‘அன்’ எதிர்மறை. ‘அபிள்’ முடியும் என்பதைச் சொல்லும் விகுதி. சேர்த்தால் ‘முன்கூட்டிச் சொல்ல முடியாத’. தமிழில் ஒட்டுகள் பெரும்பாலும் பின்னால் வரும், ஆங்கிலத்தில் முன்னாலும் வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த ‘டிக்ட்’ ஒன்றைப் பிடித்ததும் எத்தனை கதவு திறக்குது பாருங்க. டிக்‌ஷனரி, சொற்களின் தொகுப்பு. டிக்டேஷன், சொல்லச் சொல்ல எழுதுவது. கான்ட்ரடிக்ட், எதிர்த்துச் சொல்வது. வெர்டிக்ட், உண்மை + சொல், அதாவது தீர்ப்பு. முதலில் பார்த்த ஜூரிஸ்டிக்‌ஷனும் இந்தக் குடும்பம்தான். ‘ஜூரிஸ்’ என்றால் சட்டத்தின், ‘டிக்‌ஷன்’ என்றால் சொல்லுதல். சட்டம் சொல்லும் அதிகாரம் எந்த எல்லை வரை செல்லும் என்பதே அதன் பொருள். இளையரசனேந்தல் மக்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுவே.

எச்சரிக்கையும் தேவை. ‘இன்’ என்ற முன்னொட்டு பல சொற்களில் ‘இல்லை’ என்று பொருள்படும். அதை நம்பி ‘இன்ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பிடிக்காதது என்று நினைத்தால் ஆபத்து. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ ரெண்டுக்கும் ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்ற ஒரே பொருள்தான். தீப்பெட்டித் தொழில் நடக்கும் வட்டாரத்தில் டேங்கர் லாரியின் பின்னால் இதைப் பார்த்தால் தள்ளியே நில்லுங்க. பிரித்துப் பார்த்து ஊகிக்கலாம். ஆனால் அகராதியில் சரிபார்த்த பிறகே நம்பணும்.

படித்தது ஏன் மறந்து போகுது?

1885-லேயே ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, மறதியின் வேகத்தை அளந்தார். முதல் சில மணி நேரத்தில் மறதி வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்த்தால் நினைவு நீளும்.

2006-ல் அமெரிக்காவின் ரோடிகர், கார்பிகி நடத்திய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நம்ம திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்து வாத்தியார் முன்னால் ஒப்பித்ததிலும் இந்தச் சூட்சுமம் இருந்தது.

இரண்டையும் சேர்த்து 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் ஒரு எளிய வழி சொன்னார். அதை நம்ம வீட்டுப் பொருளில் செய்யலாம்:

1. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டு அளவுக்கு வெட்டுங்க. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருளும் ஒரு வாக்கியமும்.
2. ஐந்து சின்ன அட்டைப்பெட்டிகள் வேண்டும். புதுச் சீட்டு எல்லாம் முதல் பெட்டியில்.
3. முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை ரெண்டு நாளுக்கு ஒரு முறை, மூன்றாவதை வாரம் ஒரு முறை, நான்காவதை ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாவதை மாதம் ஒரு முறை பாருங்க.
4. பொருளைச் சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த பெட்டிக்குப் போகும். தப்பினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும்.

மொபைலில் வேண்டுமானால் 2006-ல் வந்த ‘ஆன்கி’ செயலி இதையே தானாகச் செய்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் கட்டணம். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பா கையில் என்றால் அட்டைப்பெட்டியே மேல்.

சீட்டில் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதணும். காரணம், வண்டி ஓட்டும் ‘டிரைவ்’, சமன்பாடு தருவிக்கும் ‘டிரைவ்’ ரெண்டும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, உச்சரிப்பும் சற்று வேறு.

சொல்லை அதன் கூட்டாளியோடு பிடிங்க

தமிழில் ‘கனமழை’ என்கிறோம், ‘பலமான காற்று’ என்கிறோம். இடம் மாற்றினால் காது ஏற்காது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘ஹெவி ரெயின்’ வரும், ‘ஸ்ட்ராங் ரெயின்’ வராது. ‘ஸ்ட்ராங் காபி’ வரும், ‘ஹெவி காபி’ வராது. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரிந்தால்தான் அதை எழுத்தில் பயன்படுத்த முடியும். அதனால் ‘கன்க்ளூஷன்’ என்று மட்டும் எழுதாமல் ‘டிரா எ கன்க்ளூஷன்’ என்று எழுதி வைங்க.

சொல் சேகரிப்பில் நமக்கு முன்னோடி வெளிநாட்டில் மட்டும் இல்லை. கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பை முடிக்காதவர். கரிசல் மக்களின் பேச்சிலிருந்து சொற்களைச் சேகரித்து 1982-ல் ஒரு வட்டார வழக்கு அகராதியையே கொண்டுவந்தார். பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் இருந்தார். காதில் விழுந்த சொல்லை, அது புழங்கும் இடத்தோடு குறித்து வைக்கும் பழக்கம் அவரிடம் கற்க வேண்டியது. ஆங்கிலத்துக்கும் அதே நோட்டுப்புத்தகம் போதும்.

எவ்வளவு நாள் ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளஸ் 1 தொடங்கும் ஜூன் முதல் பிளஸ் 2 பொதுத்தேர்வு வரும் மார்ச் வரை சுமார் 21 மாதங்கள், அதாவது ஏறக்குறைய 640 நாட்கள். ஒரு நாளைக்கு ஒரு சொற்குடும்பம் என்று வைத்தால் 570-ம் முடிந்து, திருப்பிப் பார்க்க ரெண்டு மாதம் மிச்சம் இருக்கும். நேரம்? புதுச் சொல்லுக்கு ஐந்து நிமிடம், பெட்டிச் சீட்டுகளுக்குப் பத்து நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடிகிற வேலை.

இதோடு வாரத்துக்கு ஒரு பக்கமாவது ஆங்கிலம் வாசிக்கணும். எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு சுலபமான அளவுகோல்: 100 சொற்களில் ஐந்துக்கு மேல் தெரியவில்லை என்றால் அது இப்போதைக்குக் கனம், எளிதானதுக்கு மாறுங்க. 50 சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை என்றால் அதுவே சரியான பக்கம். சுற்றியிருக்கும் சொற்களை வைத்து அந்த ஒன்றின் பொருளை ஊகிக்க முடியும்.

சொல்வளம் மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. சரளமாகப் பேச, பேசித்தான் பழகணும். வாக்கியம் அமைக்க, எழுதித்தான் பழகணும். ஆனால் ‘அஸ்யூம்’ என்று ஆசிரியர் சொன்னதும் ‘ஓ, இப்படின்னு வச்சுக்கச் சொல்றார்’ என்று புரிந்துவிட்டால், அந்த மாணவர் கவனம் முழுவதும் கணக்கில் இருக்கும். அதுவரை தமிழில் கற்ற அத்தனையும் அப்போது அவருக்குக் கைகொடுக்கும்.

உங்க வீட்டிலோ தெருவிலோ பிளஸ் 1 போகப்போகிற தம்பி, தங்கச்சி இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆயிரம் ரூபாய் ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் வாங்கிப் போக வேண்டாம். அந்த 570 சொல் பட்டியலை ஒரு பிரிண்ட் எடுங்க. அதில் உங்களுக்கே அலுவலகத்தில் எந்தச் சொல் முதலில் தடுக்கியதோ, அந்தச் சொல்லிலிருந்து அவங்களோட சேர்ந்து ஆரம்பிங்க.